குளிர்காலத்தில் ஜார்ஜியா: ஒயினும் பனிமலையும் தேடிச் சிங்கப்பூரிலிருந்து கிளம்புபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை நெருங்கும்போது ஜார்ஜியாவைப் பற்றி விசாரிப்புகள் வர ஆரம்பித்துவிடும். நண்பர்களையும் உறவுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு குளிர்காலத்தில் அங்கே போய்வருபவன் என்பதால், திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன். இது அமெரிக்காவில் இருக்கும் ஜார்ஜியா மாநிலம் அல்ல. கருங்கடலுக்குக் கிழக்கே, காக்கசஸ் மலைத்தொடரின் தென்சரிவில் இருக்கும் சின்ன நாடு. தலைநகர் திபிலிசி.

ஒயினுக்காகப் போவதென்றால் அறுவடை நேரத்தில்தானே போக வேண்டும்? ஏன் குளிர்காலம்?

திராட்சை அறுவடை செப்டம்பர், அக்டோபரில் நடக்கும். பார்க்கக் கொண்டாட்டமாகத்தான் இருக்கும். ஆனால் அப்போது ஒயின் செய்யும் வீட்டுக்காரருக்கு நிற்க நேரமிருக்காது. பேருந்து பேருந்தாக ஆட்கள் வந்து இறங்குவார்கள். நாலு கிண்ணம் ருசி பார்த்துவிட்டு அடுத்த இடத்துக்கு ஓட வேண்டியதுதான்.

டிசம்பரில் அதே வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். கொடிகள் இலையுதிர்த்து நிற்கும், தோட்டத்தில் வேலை இருக்காது. புது ஒயின் மண்ணுக்கடியில் மூடிக் கிடக்கும். வீட்டுக்காரர் அடுப்புப் பக்கத்தில் நாற்காலி இழுத்துப் போட்டு உட்காருவார், நாமும் உட்காரலாம். ஒயினை அந்த நாட்டுக்காரர்கள் பானமாக மட்டும் பார்ப்பதில்லை. விருந்து, பாட்டு, செத்தவர்களை நினைப்பது எல்லாம் அதோடு சேர்ந்தே வரும். அதையெல்லாம் உட்கார்ந்து கேட்க நேரம் வேண்டும். அந்த நேரம் குளிர்காலத்தில்தான் கிடைக்கிறது. இந்தப் பயணத்தைச் சிபாரிசு செய்ய எனக்கு இருக்கும் முதல் காரணமே இதுதான்.

இன்னொன்று, பனி விழுந்த மறுநாள் வானம் தெளிந்தால், சிக்னாகி ஊரின் மதில்மேல் நின்று அலசானிப் பள்ளத்தாக்கைப் பார்க்கலாம். எதிரே காக்கசஸ் முழுக்க வெள்ளையாக நிற்கும். கோடையில் அது பெரும்பாலும் புழுதிமூட்டத்தில் மங்கிவிடும்.

விசா வேண்டுமா?

சிங்கப்பூர்க் கடப்பிதழ் இருந்தால் விசா தேவையில்லை. இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசிகளும் வேலை அனுமதியில் இருப்பவர்களும், ஜார்ஜிய வெளியுறவு அமைச்சின் இணையப் பக்கத்தில் தங்களுக்கான விதியைப் பார்த்துவிட்டே விமானச் சீட்டு வாங்குங்கள். பயணக் காப்புறுதிப் பத்திரம், தங்குமிட முன்பதிவு, திரும்பும் சீட்டு மூன்றையும் அச்சிட்டுக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் இருக்கிறது என்று விட்டுவிட வேண்டாம்.

எப்படிப் போவது?

சாங்கியிலிருந்து நேரடி விமானம் கிடையாது. இஸ்தான்புல், துபாய் அல்லது தோஹாவில் மாற வேண்டும். திபிலிசி நேரம் நமக்கு 4 மணி நேரம் பின்னால். நாணயம் லாரி.

குளிர் எப்படி இருக்கும்? நம்மால் தாங்க முடியுமா?

திபிலிசியில் ஜனவரிப் பகல் 6, 7 டிகிரி வரை போகும், இரவில் சுழியத்தை ஒட்டி நிற்கும். ககேதி ஒயின் வட்டாரமும் ஏறக்குறைய அப்படித்தான். மலைமேல் ஸ்டெபான்ட்ஸ்மிண்டாவில் இரவு மைனஸ் 10க்கும் கீழே இறங்குவது சகஜம்.

உள்ளே தெர்மல் உள்ளாடை, நடுவில் கம்பளி, வெளியே காற்றும் ஈரமும் புகாத ஜாக்கெட், இந்த மூன்று அடுக்கு போதும். முஸ்தபாவிலோ டெகத்லானிலோ எல்லாம் கிடைக்கும். ஜாக்கெட்டுக்கு நிறையச் செலவழித்துவிட்டு, காலுக்கு ஓட்டப்பயிற்சிச் சப்பாத்தோடு வருபவர்கள்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள். பழைய ஊர்த் தெருக்கள் உருளைக்கல் பாவியவை. பனி உறைந்தால் வழுக்கும். அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கும் நீர்புகாத சப்பாத்துதான் முதல் செலவாக இருக்க வேண்டும்.

ஒரு விஷயத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. டிசம்பரில் அங்கே சூரியன் உதிக்கவே காலை எட்டரை ஆகிவிடும், மாலை ஐந்தரைக்கு இருட்டிவிடும். வருஷம் முழுக்க ஏழு மணிக்கு விடிந்து ஏழு மணிக்கு இருட்டிப் பழகிய நமக்கு இது பெரிய மாற்றம். அதனால் ஒரு நாளைக்கு இரண்டு இடத்துக்குமேல் திட்டம் போடாதீர்கள்.

"8,000 ஆண்டு ஒயின்" என்கிறார்களே, விளம்பரமா, உண்மையா?

உண்மைதான். திபிலிசிக்குத் தெற்கே கடாச்ரிலி கோரா, ஷுலாவெரி கோரா என்ற கற்கால மேடுகளில் கிடைத்த பானை ஓடுகளை ஆராய்ந்தபோது, ஓட்டுக்குள் ஊறியிருந்த டார்டாரிக் அமிலத்தின் தடயம் கிடைத்தது. திராட்சைச் சாற்றை அடையாளம் காட்டும் அமிலம் அது. காலம் ஏறக்குறைய கி.மு. 6000. ஆய்வு 2017இல் வெளியானது. திராட்சை ஒயினுக்கு இதுவரை கிடைத்த மிகப் பழைய சான்றுகளில் ஒன்று இது.

ஆனால் அந்தப் பழக்கம் இடையில் அறுந்துபோகவும் பார்த்தது. சோவியத் காலத்தில் அளவுதான் முக்கியம் என்று பெரிய ஆலைகளுக்கே திராட்சை போனது. 1985இல் கோர்பசேவ் மதுவுக்கு எதிராக எடுத்த நடவடிக்கையில் தோட்டங்கள் வெட்டப்பட்டன. 2006இல் ரஷ்யா ஜார்ஜிய ஒயினுக்குத் தடை போட்டது. 2013 வரை அந்தப் பெரிய சந்தை மூடியே கிடந்தது. வேறு நாட்டுக்காரர்களுக்கு விற்க வேண்டுமானால் தரம் வேண்டும், தனித்தன்மையும் வேண்டும் என்ற நிலை வந்தபோதுதான், வீட்டுப் பின்கட்டில் தாத்தா காலத்து முறையைக் கைவிடாமல் வைத்திருந்த குடும்பங்களுக்கு மதிப்பு வந்தது. இன்று நீங்கள் போய் உட்காரும் சின்னச் சின்ன ஒயின் வீடுகள் பலவும் அப்படித் தலைதூக்கியவைதாம்.

குளிர்காலத்தில் ஒயின் வீட்டில் பார்க்க என்ன இருக்கும்?

முதல் பார்வைக்கு ஒன்றும் இருக்காது. மரானி என்று சொல்லும் அந்த அறைக்குள் நுழைந்தால் வெறும் தரை. தரையில் அங்கங்கே வட்டமாகக் கல் மூடியோ மரமூடியோ, சுற்றிலும் ஈரக் களிமண் பூசியிருக்கும். களிமண்ணில் வீட்டுக்காரரின் விரல் பதிந்த தடம் தெரியும். அந்த வட்டம் ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு தாழி புதைந்திருக்கிறது. அதற்கு க்வெவ்ரி என்று பெயர். முட்டை வடிவம், அடி கூம்பி இருக்கும். சிலது ஆள் இறங்கிக் கழுவும் அளவுக்குப் பெரியது. உள்ளே தேன்மெழுகு தடவியிருப்பார்கள்.

ககேதி முறையில் சாற்றைத் தனியாகப் பிரிக்க மாட்டார்கள். தோல், விதை, நன்றாகப் பழுத்திருந்தால் காம்பு எல்லாவற்றோடும் தாழிக்குள் போகும். நொதிக்கும்போது மேலே மிதந்து வரும் தோலை ஒரு நாளைக்குப் பலமுறை கோலால் உள்ளே அழுத்திவிடுவார்கள். நொதிப்பு அடங்கியதும் மூடி, களிமண் பூசி, வசந்தம் வரை விட்டுவிடுவார்கள். விதையும் கசடும் கூம்பிய அடியில் போய்த் தங்கும். சுற்றியுள்ள மண், சூட்டையும் குளிரையும் ஒரே சீராக வைத்திருக்கும். மின்சாரமும் வேண்டாம், குளிரூட்டியும் வேண்டாம். 2013இல் யுனெஸ்கோ இந்த முறையை மானுடத்தின் தொட்டுணர முடியாத மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

ஆக, நீங்கள் போகும்போது அந்த வருஷத்துத் தாழி மூடியிருக்கும். "திறந்து காட்டுங்களேன்" என்று கேட்காதீர்கள். காற்றுப் பட்டால் ஐந்து மாதக் காத்திருப்பு வீணாகும். முந்தைய வருஷத்தது தாராளமாகக் கிடைக்கும். ககேதியின் முக்கிய ஊரான தெலாவிக்குப் பக்கத்தில் வர்திசுபானி என்ற ஊரில் தாழி செய்யும் கைவினைஞர்கள் இருக்கிறார்கள். அங்கே ஒரு நடை போய்ப் பாருங்கள். களிமண்ணைக் கையாலேயே அடுக்கடுக்காக வளர்த்துக்கொண்டு போவார்கள். ஒரு அடுக்கு ஓரளவு காய்ந்த பிறகே அடுத்தது. பெரிய தாழி எழும்ப வாரக்கணக்கில் ஆகும்.

எந்த ஒயினைக் கேட்டு வாங்குவது?

ஜார்ஜியாவில் 500க்கும் மேற்பட்ட உள்நாட்டுத் திராட்சை வகைகள் உண்டு. எல்லாப் பெயரையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், மூன்று போதும்.

ர்க்கட்சிதெலி வெள்ளைத் திராட்சை. தோலோடு தாழியில் ஊறியதால் ஒயின் தே-ஓ (பால் சேர்க்காத தேநீர்) நிறத்துக்கு வந்துவிடும். முதல் மடக்கில் நாக்கு துவர்க்கும், பழக்கமில்லாதவர்கள் முகம் சுளிப்பார்கள். வால்நட் அரைத்துத் தடவிய கத்தரிக்காயோடு இரண்டாவது மடக்கு குடியுங்கள், ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று புரியும். கிசியும் வெள்ளைத் திராட்சைதான், இன்னும் மணமானது. சபெராவி கறுப்புத் திராட்சை. தோல் மட்டுமல்ல, சதையே சிவப்பு. பல்லில் கறை ஏறும் அளவுக்கு அடர்த்தி. இனிப்பு ஒயினைத்தான் விரும்புவேன் என்பவர்களுக்கு அரை இனிப்பான கிந்த்ஸ்மராவுலி இருக்கிறது, அதுவும் சபெராவிதான்.

சாச்சா என்று சின்னக் கிண்ணத்தில் நீட்டினால் அது ஒயின் அல்ல, திராட்சைச் சக்கையிலிருந்து வடித்த சாராயம். ஒன்றோடு நிறுத்துங்கள்.

விருந்துக்குக் கூப்பிட்டால் எப்படி நடந்துகொள்வது?

சுப்ரா என்னும் அந்த விருந்துக்கு ஒரு தலைவர் உண்டு, தமாதா என்பார்கள். அவர் எழுந்து வாழ்த்துச் சொன்ன பிறகுதான் குடிக்க வேண்டும். இடையில் நாமாக மடக்கு மடக்காகக் குடிப்பது மரியாதை அல்ல. கடவுளுக்கும் சமாதானத்துக்கும், நாட்டுக்கு, செத்தவர்களுக்கு, குழந்தைகளுக்கு, வந்த விருந்தாளிகளுக்கு என்று வாழ்த்துகள் போய்க்கொண்டே இருக்கும். செத்தவர்களுக்கான வாழ்த்தின்போது மேசையே அமைதியாகிவிடும். உங்கள் முறை வந்தால் வெட்கப்படாமல் தமிழிலேயே பேசுங்கள், யாராவது ஆங்கிலத்தில் சொல்லிவிடட்டும். எங்கள் கூட்டத்தில் ஒரு பெரியப்பா தன் அம்மாவை நினைத்துத் தமிழில் நாலு வரி பேசினார். மொழிபெயர்ப்பதற்கு முன்பே எதிரே இருந்த பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்புறம் பாட்டு. ககேதிப் பக்கத்து மேசைப்பாட்டில் கீழ்க்குரல்கள் சுருதி பிடித்து நிற்க, மேலே இரண்டு குரல்கள் தனித்தனி வழியில் போகும். ஜார்ஜியப் பலகுரல் பாட்டை யுனெஸ்கோ 2001இலேயே அங்கீகரித்தது. 1977இல் வாயேஜர் விண்கலங்களில் வைத்து அனுப்பிய தங்க இசைத்தட்டில் 'சக்ருலோ' என்ற ஜார்ஜியப் பாட்டும் இருக்கிறது. கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்தவர்கள் இந்தப் பாட்டை நேரில் கேட்காமல் திரும்பக் கூடாது என்பேன். சர்க்கஸ் மாதிரி நடத்தும் சுற்றுலா உணவகங்களைத் தவிர்த்து, பாடத் தெரிந்த வீட்டில் விருந்து ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.

நான் குடிப்பதில்லை. சபரிமலைக்கு மாலையும் போட்டிருக்கிறேன். எனக்கு இதில் என்ன இருக்கிறது?

தாராளமாக வாருங்கள். முதலிலேயே "விரதம்" என்று சொல்லிவிட்டால் யாரும் வற்புறுத்த மாட்டார்கள். மாலை போட்டவருக்கு இன்னொரு வசதியும் உண்டு, அடுத்த பதிலில் சொல்கிறேன். வாழ்த்துக்குக் கிண்ணம் உயர்த்த திராட்சைச் சாறு, தர்ஹுனா என்ற பச்சை நிற மூலிகைச் சோடா, போர்ஜோமி ஊற்றுத் தண்ணீர் எல்லாம் இருக்கும்.

சைவம் சாப்பிடுபவர்கள் என்ன செய்வது?

மலைநாடு, குளிர்காலம், வெறும் இறைச்சியாகத்தான் இருக்கும் என்று பயப்படுகிறார்கள். நம் பள்ளி விடுமுறைக் காலம்தான் சைவர்களுக்கு மிக நல்ல காலம். ஜார்ஜிய மரபுவழித் திருச்சபையினர் நவம்பர் 28 முதல் ஜனவரி 6 வரை, கிறிஸ்துமஸுக்கு முந்தைய 40 நாள் நோன்பு இருக்கிறார்கள். இறைச்சி, முட்டை, பால், வெண்ணெய், பாலாடைக்கட்டி எதுவும் இல்லை. நம் மார்கழியின் முதல் பாதி முழுக்க அவர்களும் நோன்பில்தான் இருக்கிறார்கள். உணவகங்களில் நோன்புச் சாப்பாட்டுக்கென்றே தனிப் பட்டியல் வைத்திருப்பார்கள். "சமார்க்வோ" என்று கேளுங்கள். மீன் மட்டும் சில நாள் அனுமதி உண்டு, அதனால் மீன் வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

லோபியோ என்பது சிவப்பு பீன்ஸைக் கொத்தமல்லி, பூண்டு, வால்நட் சேர்த்து மண்சட்டியில் வேகவைத்தது. கூட மச்சாதி என்ற சோள ரொட்டியும் ஊறுகாயும் வரும். கீரையையும் வால்நட்டையும் அரைத்து உருட்டிய ப்காலி, மேலே மாதுளை முத்து தூவியிருக்கும். பீன்ஸ் வைத்த லோபியானி ரொட்டி, காளான், உருளைக்கிழங்கு. மசாலாவுக்கு வெந்தயக் குடும்பத்து உத்ஸ்கோ சுனேலி, கொத்தமல்லி விதை, மிளகாய், பூண்டு. அட்ஜிகா என்ற மிளகாய் விழுதைக் கேட்டு வாங்கிவிட்டால் அம்மாவும் குறை சொல்ல மாட்டார். நோன்பு இல்லாதவர்களுக்குப் பாலாடைக்கட்டி ரொட்டி காச்சாபுரி எப்போதும் உண்டு. அட்ஜாரா வகையில் நடுவில் முட்டை இருக்கும், கவனம்.

தரையில் பதித்த தோனே என்ற மண் அடுப்பிலிருந்து நீள ரொட்டியை எடுத்துத் தருவார்கள். காலையில் வாங்கி நடந்துகொண்டே பிய்த்துத் தின்பதற்கு ஈடில்லை.

மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி கலக்குமா? ஹலால் கிடைக்குமா?

கின்காலி என்ற பெரிய கொழுக்கட்டையில் பெரும்பாலும் மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் கலந்துதான் இருக்கும். கேட்காமல் சாப்பிடாதீர்கள். காளான், உருளைக்கிழங்கு வைத்ததும் உண்டு. இறைச்சி வைத்ததைச் சாப்பிடுபவர்கள் குடுமியைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி, ஓரத்தில் கடித்து, உள்ளிருக்கும் சாற்றை முதலில் உறிஞ்ச வேண்டும். கத்தி, முட்கரண்டி தொட்டால் சாறு தட்டில் கொட்டிப் போகும். குடுமியைத் தின்ன மாட்டார்கள், தட்டில் வைத்து எத்தனை தின்றோம் என்று எண்ணுவார்கள்.

திபிலிசியில் துருக்கிய, ஈரானிய உணவகங்கள் உண்டு. மருத்துவம் படிக்க இந்திய மாணவர்கள் நிறையப் பேர் வருவதால் இந்தியச் சாப்பாட்டுக்கும் பஞ்சமில்லை. பழைய நகரத்து ஜும்ஆ பள்ளிவாசலில் சுன்னி, ஷியா இரு சாராரும் ஒரே கூரையின்கீழ் தொழுகிறார்கள். வெளியூரில் ஹலால் கிடைப்பது கஷ்டம், நோன்புப் பட்டியலையே நம்பலாம்.

ஒயின் தவிர எதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்?

திபிலிசியில் அபனோத்துபானிக் கந்தகக் குளியல். செங்கல் குவிமாடத்துக்குக் கீழே தனி அறையை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கலாம். குளிரில் நடந்து வந்த கால்களுக்கு அது சொர்க்கம். இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

பழைய தலைநகர் ம்ட்ஸ்கேத்தாவில் 11ஆம் நூற்றாண்டு ஸ்வெடிட்ஸ்கோவெலி பேராலயம், எதிர்மலையில் 6ஆம் நூற்றாண்டு ஜ்வாரி ஆலயம். ஆலயங்களில் பெண்கள் தலையை மூட வேண்டும், பாவாடை உடுத்த வேண்டும். ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும். செருப்பைக் கழற்ற வேண்டாம்.

ககேதியில் அலாவெர்தி பேராலயம். மடத்துத் துறவிகளுக்கே சொந்தத் தாழிகள் உண்டு. இந்த வட்டாரத்து அரசி கெதெவான் 1624இல் ஈரானின் ஷிராஸ் நகரில் மதம் மாற மறுத்ததால் கொல்லப்பட்டார். அவருடைய எலும்பில் ஒரு பகுதியைப் பாதிரியார்கள் கோவாவுக்குக் கொண்டுவந்தார்கள். பழைய கோவாவின் அகஸ்தீன் ஆலய இடிபாட்டில் அது கிடைத்து, ஹைதராபாத் ஆய்வகத்தில் மரபணுச் சோதனையும் நடந்தது. 2021 ஜூலையில் இந்திய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் அதைத் திபிலிசிக்கு நேரில் கொண்டுபோய் ஒப்படைத்தார். இந்திய முகத்தைப் பார்த்ததும் இதைச் சொல்லிக் கையைப் பிடித்துக்கொள்ளும் ஆட்களைப் பார்க்கலாம்.

சிக்னாகி அருங்காட்சியகத்தில் பிரோஸ்மானியின் ஓவியங்கள் இருக்கின்றன. அவர் இந்தப் பக்கத்து ஏழை ஓவியர், உணவகங்களுக்குப் பலகை வரைந்து பிழைத்தவர். நீங்கள் முந்தின நாள் உட்கார்ந்த விருந்தை அவர் நூறு வருஷத்துக்கு முன்பே வரைந்திருப்பார்.

கிறிஸ்துமஸ், புத்தாண்டு எப்படி இருக்கும்?

அவர்களுக்குக் கிறிஸ்துமஸ் ஜனவரி 7. அன்று 'அலிலோ' என்ற ஊர்வலம் தெருவில் பாடிக்கொண்டு போகும். அதற்குள் இங்கே பள்ளி திறந்துவிடும் என்பதால், பிள்ளைகள் இருக்கும் குடும்பங்களுக்குப் புத்தாண்டுதான் வாய்ப்பு. வால்நட்டைத் தேனில் காய்ச்சி வெட்டிய கொசினாக்கி எல்லா வீட்டிலும் இருக்கும். ஹேசல் மரக்கிளையைச் சுருள்சுருளாகச் சீவிச் செய்த சிச்சிலாக்கி தெருவோரம் விற்பார்கள். பிள்ளைகள் இல்லாதவர்கள் ஜனவரி நடுவில் போங்கள். நம் பொங்கலை ஒட்டி, ஜனவரி 14, அவர்களுக்குப் பழைய நாள்காட்டிப் புத்தாண்டு.

மலைப்பகுதிக்கு எத்தனை நாள்? பாதை பாதுகாப்பானதா?

திபிலிசியிலிருந்து ஸ்டெபான்ட்ஸ்மிண்டா ஏறக்குறைய 150 கிலோமீட்டர், நல்ல வானிலையில் மூன்று மணி நேரம். வழியில் அனானூரிக் கோட்டை, குதாவுரி பனிச்சறுக்கு ஊர், அப்புறம் 2,300 மீட்டருக்கு மேலே ஜ்வாரிக் கணவாய். அந்தப் பக்கம் இறங்கினால், 2,170 மீட்டர் உயரத்தில் தனியாக நிற்கும் கெர்கெட்டி ஆலயம், பின்னால் 5,000 மீட்டரைத் தாண்டிய கஸ்பெக் சிகரம்.

பனிச்சரிவு அபாயம் வந்தால் கணவாயை மூடிவிடுவார்கள். ஒரு நாளும் ஆகலாம், இரண்டு நாளும் ஆகலாம். அதனால் மலையைப் பயணத்தின் கடைசியில் வைக்கவே வைக்காதீர்கள். மலையிலிருந்து நேராக விமான நிலையம் என்று திட்டமிட்டவர்கள் கணவாயின் அந்தப் பக்கமே மாட்டிக்கொள்வார்கள். முதலில் திபிலிசி, அடுத்து மலை இரண்டு இரவு, பிறகு ககேதி மூன்று இரவு, கடைசியில் மறுபடி திபிலிசி. பாதை மூடினால் மலையை விட்டுவிட்டு ககேதியில் கூடுதலாகத் தங்குங்கள்.

வண்டியை நீங்களே ஓட்ட வேண்டாம். அங்கே வலப்பக்கம் ஓட்டுவார்கள், பனிச்சாலை நமக்குப் பழக்கமில்லை, அதற்குமேல் ஒயின் வேறு. குளிர்கால டயர் போட்ட வண்டியும் உள்ளூர் ஓட்டுநரும் போதும்.

பாதுகாப்பு, வயதானவர்கள், பிள்ளைகள்?

ஜார்ஜிய அரசின் கட்டுப்பாட்டில் இல்லாத அப்காசியா, தெற்கு ஒசேத்தியா பகுதிகளுக்குப் போகக் கூடாது. திபிலிசி ருஸ்தவெலி சாலையில் நாடாளுமன்றத்தின் முன் ஆர்ப்பாட்டம் நடந்தால் ஒதுங்கிப் போங்கள். கிளம்பும் முன் நம் வெளியுறவு அமைச்சில் பயணத்தைப் பதிந்துகொள்ளுங்கள். பிள்ளைகளுக்குப் பனியே போதும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்குச் சிக்னாகியின் ஏற்றங்கள் சிரமம், விடுதியை ஊர் நடுவில் எடுங்கள்.

எத்தனை புட்டி கொண்டுவரலாம்?

48 மணி நேரத்துக்குமேல் வெளியே இருந்துவிட்டு வரும், 18 வயது நிறைந்த ஒருவர், ஒயின் மட்டும் என்றால் 2 லிட்டர் வரி இல்லாமல் கொண்டுவரலாம். 750 மில்லி புட்டியில் இரண்டு. சாச்சாவும் வேண்டுமென்றால் ஒரு லிட்டர் சாராயம், ஒரு லிட்டர் ஒயின் என்று பிரித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது புட்டி பிடித்துப்போனால் வாங்குங்கள், பயப்பட வேண்டாம். ஒயினுக்கு வரி, அதிலிருக்கும் ஆல்கஹால் ஒரு லிட்டருக்கு 88 வெள்ளி. 13 விழுக்காடு ஒயின் ஒரு புட்டிக்கு 8 வெள்ளி 58 காசு வரும், ஜிஎஸ்டி தனி. சாங்கியில் சுங்கத்தின் சிவப்பு வழியில் போய்ச் சொல்லிக் கட்டிவிடுங்கள். வீட்டில் பிளாஸ்டிக் புட்டியில் ஊற்றித் தரும் ஒயினை மட்டும் பெட்டியில் வைக்காதீர்கள். அது பயணம் தாங்காது, அங்கேயே குடித்து முடித்துவிடுங்கள்.